மொழி ஆய்வகம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: எங்கள் பள்ளி மொழி ஆய்வகத்தில் (மாணவர்கள் ஹெட்செட்டில் கேட்டு, பேசிப் பதிவுசெய்து மொழி பழகும் அறை) எல்லாம் விண்டோஸ் 7 கணினிகள். பாடங்களில் பாதி ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தவை, 2020 முடிவோடு அதன் ஆதரவு நின்றதிலிருந்து திறப்பதே இல்லை. விற்பனையாளர் மொத்தமாக மாற்றச் சொல்கிறார். எதில் முதலில் கைவைப்பது?

பதில் 1: ஹெட்செட்டில்! மைக் மோசமென்றால் பக்கத்து மாணவர் குரலும் சேர்ந்து பதிவாகும், அப்புறம் எந்த மென்பொருள் வாங்கி என்ன பயன்? வாயருகே வரும் மைக், யூஎஸ்பி இணைப்பு, கழற்றி மாற்றக்கூடிய காதுப் பஞ்சு, இவை இருக்கட்டும்.

பதில் 2: சரிதான், ஆனால் மென்பொருள் உரிமம் ஆண்டுச் சந்தாவா, சந்தா நின்றால் மாணவர் பதிவுகள் கைக்கு வருமா என்பதையும் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் ஒரே விண்டோஸ் பதிப்பை நம்பியிராமல் உலாவியில் ஓடும் மென்பொருள் நல்லது. வகுப்பே ஒரே நேரத்தில் பதிவேற்றினால் இணையம் தாங்குமா என்று மட்டும் சோதித்துவிடுங்கள்.

பதில் 3: கேட்டுப் பேசிப் பதிவுசெய்ய மட்டும் என்றால் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். ஆசிரியர் தன் இடத்திலிருந்தே ஒவ்வொருவரையும் கேட்கும் வசதி அதில் கிடையாது.