வானொலித் தயாரிப்பாளரின் தன்வரலாறு: வீட்டு ஒலிநாடாக்களை எப்படிக் கையாள்வது, அப்பாவை எப்படி எழுதுவது?

தொகுப்பாளர்_திருச்சி கேட்டது:

வணக்கம். ஆகாசவாணியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் தன்வரலாற்றைத் தொகுக்கும் வேலை. அவருடைய வானொலி வாழ்க்கை இதில் கொஞ்சம்தான் வரும். பதினெட்டு வயதுவரை அவர் வளர்ந்த வீடுதான் புத்தகம்: அப்பாவின் குடி, கடன், அடி, அம்மா இரண்டு முறை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

கையில் இருப்பவை: கால் அங்குல ஸ்பூல் நாடா 14 (7 அங்குலமும் 5 அங்குலமும் கலந்து), கேசட் 40, அப்பாவின் கடிதங்கள் ஒரு கட்டு. நாடாக்களில் பெரும்பாலும் அம்மாவும் பெரியம்மாவும் பேசுகிறார்கள். இரண்டில் மட்டும் அப்பாவின் குரல். அப்பா காலமாகிவிட்டார், அம்மா, தம்பி, தங்கை இருக்கிறார்கள்.

நாடாவை எந்த வரிசையில் கணினிக்கு மாற்றுவது? பேச்சை எழுத்தாக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பெயர், கடிதம், வழக்கு இவற்றில் எங்கே சிக்கல் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிநாடா_மதுரை:

முதலில் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய நாடா முதல் ஓட்டத்திலேயே பாழாகக்கூடும்.

ஒவ்வொரு ஸ்பூலையும் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுருளுக்குள் ஒளி ஊடுருவினால் அசிடேட் நாடா. இருட்டாகத் தெரிந்தால் பாலியெஸ்டர். அசிடேட் வறண்டு ஒடியும், ஆனால் சுத்தமாக ஒடிவதால் ஒட்டுவது எளிது. பாலியெஸ்டர் ஒடியாது, இழுபடும். இழுபட்ட இடத்தில் குரல் போனது போனதுதான். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், அதே கருவியில் மற்ற நாடாவை ஓட்டாதீர்கள்.

ஓட்டும்போது கிரீச்சிட்டு, ஹெட்டில் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் கருவிமுனை) பழுப்பாகப் பிசின் படிந்தால் உடனே நிறுத்துங்கள். காந்தப்பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். 70களிலும் 80களிலும் வந்த, பின்புறம் கருப்புப் பூச்சுள்ள பாலியெஸ்டர் நாடாக்களில் இது அதிகம். ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் சீரான சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் மாற்றிவிட வேண்டும். வீட்டு கேக் அடுப்பில் சூடு ஏறி இறங்கும். ஆய்வுக்கூடத்து இன்குபேட்டர் போன்ற கருவி தேவை.

அடுத்தது வேகம். 7 அங்குல ஸ்பூலில் வழக்கமாக 1200 அடி நாடா. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 32 நிமிடம், மூன்றே முக்கால் வேகத்தில் 64 நிமிடம். நிலையத்து நாடா என்றால் பெரும்பாலும் நாடாவின் முழு அகலத்திலும் ஒரே பதிவு. வீட்டு ரெக்கார்டரில் பதிந்தது பெரும்பாலும் பாதி அகலம், இரண்டு பக்கம். இந்த வித்தியாசம் தெரியாமல் முழு அகல ஹெட்டில் வீட்டு நாடாவை ஓட்டினால், அம்மா பேசும்போதே மறுபக்கக் குரல் தலைகீழாக உள்ளே புகுந்து கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேசட்டில் முதல் வேலை உள்ளே நாடாவை ஹெட்டில் அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டைப் பார்ப்பது. அது உதிர்ந்திருந்தால் குரல் மங்கி ஏறி இறங்கும். திருகாணி உள்ள புதுக் கூட்டுக்குள் நாடாவை மாற்றிப் போடலாம். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, உருளையில் சுற்றிக்கொள்ளும். அதை வேகமாகச் சுற்றாமல் சாதாரண வேகத்திலேயே ஒரு முறை ஓட்டி எடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, பிறகு மென்பொருளில் எவ்வளவு திருத்தினாலும் இழந்த கூர்மை திரும்பாது. ஹெட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அது ஆகாது. சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒற்றைத் தடத்துக்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி. உங்களிடம் எண்பது மணி நேரம் தேறினாலும் 80 ஜிபிதான், அதனால் எம்பி3யில் மாற்றிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலக்கோப்பைத் தொடவே கூடாது. பின்னணியில் ஓடும் ஃபேன், குழாயடிச் சத்தம், தெருவில் போகும் ஐஸ்காரர் மணி எல்லாம் இந்தப் புத்தகத்துக்குத் தேவைப்படும்.

தொகுப்பாளர்_திருச்சி:

மிக்க நன்றி ஐயா. ஒரு 5 அங்குல ஸ்பூலைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது. அதையும் சூடுபடுத்தலாமா?

காப்பகத்தாள்:

வேண்டவே வேண்டாம். வினிகர் வாடை என்றால் அசிடேட் சிதைகிறது. சூடு அதை இன்னும் வேகமாகக் கொல்லும். மேலே சொன்ன வைத்தியம் பாலியெஸ்டருக்கு மட்டும். அந்த ஸ்பூலை மூடிய பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில், மற்ற ஸ்பூல்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அதன் அமில ஆவி பக்கத்து நாடாவையும் தாக்கும். நாடா சுருங்கி நெளிந்திருக்கும் என்பதால் ஹெட்டில் சரியாகப் படியாது. பதினான்கில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். ஒட்டுப்போட்ட இடங்களில் பழைய பசை வழிந்து அடுத்த சுற்றில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்; பிரித்து, 45 டிகிரி வெட்டில், ஒலிநாடாவுக்கென்றே உள்ள ஒட்டுநாடாவால் புதிதாக ஒட்டுங்கள். சாதாரண செல்லோடேப் போட்டால் சில மாதங்களில் மறுபடி வழியும்.

சொல்லும்_குரல்:

நாடா விஷயத்தைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எழுத்துப் பக்கம் நான் சொல்கிறேன்.

தயாரிப்பாளர்களுக்குக் கை போகும் இடம் ஒன்று உண்டு. மூச்சை வெட்டுவார்கள், தடுமாற்றத்தை வெட்டுவார்கள், இரண்டு வாக்கியத்துக்கு நடுவே உள்ள மௌனத்தை வெட்டுவார்கள். ஒலிபரப்பில் அது நல்ல வேலை. இந்தப் புத்தகத்தில் அதுதான் கெடுதல். 'அன்னைக்கு அவரு வந்தாரு' என்று சொல்லிவிட்டு அம்மா ஏழு நொடி பேசாமல் இருந்து, பிறகு 'சாப்பாடு போட்டேன்' என்கிறார் என்றால், அந்த ஏழு நொடிக்குள்தான் நீங்கள் தேடுவது இருக்கிறது. எனவே எழுத்துப்படியில் மூன்று நொடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மௌனத்தையும் நொடிக் கணக்கோடு குறியுங்கள். பேச்சை மாற்றிய இடம், சிரித்த இடம், 'டேப்பை நிறுத்து' என்ற இடம் எல்லாமே. 'வந்துச்சு' என்பதை 'வந்தது' ஆக்காதீர்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை இப்படி எழுத ஐந்து மணி நேரமாவது ஆகும். எண்பது மணிக்கு நானூறு. ஆகவே முதலில் எல்லாவற்றையும் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று பட்டியல் மட்டும் போடுங்கள். அதில் தேர்ந்த பகுதிகளை முழுமையாக எழுதலாம். அப்பாவின் குரலும் சண்டைப் பேச்சும் வரும் நிமிடங்களுக்குத் தனிக்குறி வையுங்கள். தன்வரலாறு எழுதுகிறவரே அவற்றைக் கேட்பதானால் பகலில், பக்கத்தில் ஆள் இருக்க, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூக்கம் கெட்டால் நிறுத்திவிட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

அம்மாவிடம் இன்னும் பேசுவதானால், மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணையுங்கள். பதிவின் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். திடீரென்று குரல் உயரும் பேச்சு இது, கிழிந்துபோன பதிவைச் சரிசெய்ய முடியாது. ஒரு அமர்வு எழுபது, எண்பது நிமிடம் போதும். 'அப்பா அடிப்பாரா?' என்று கேட்டால் 'ஆமா' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். 'அந்த வீட்டில் எந்த அறையில் யார் படுப்பீர்கள்?' என்று கேளுங்கள். இடத்திலிருந்து நினைவு தானாக வரும்.

தேதிகளை ஆவணத்தோடு உரசிப் பாருங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் எந்த வருடம் எந்த ஊர் மாறினார்கள் என்று சொல்லும். வீடு சொந்தமாக இருந்தால் வில்லங்கச் சான்றிதழ் போடுங்கள்: அடமானம் பதிவாகியிருந்தால் நாளும் தொகையும் தெரியும். அம்மா 'நீ மூணாவது படிக்கும்போது' என்று சொல்லும் கடனுக்கும் அதற்கும் இரண்டு வருடம் இடித்தால், அம்மாவைத் திருத்தாமல் இரண்டையும் எழுதுங்கள். பொது நிகழ்ச்சிகளும் உதவும்: தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், நெருக்கடிநிலை 1975 ஜூன், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24.

நாடாவில் உள்ள பேச்சுக்கு மட்டும் மேற்கோள்குறி. நினைவிலிருந்து எழுதும் பேச்சுக்கு அது வேண்டாம். முன்னுரையில் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டால் வாசகர் கடைசிவரை நம்பி வருவார்.

அப்பாவைப் பற்றி: 'கொடூரமானவர்' என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைத் தணிப்பாள்' என்று எழுதினால் வாசகரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எழுதுகிறவர் ஒலியில் வாழ்ந்தவர். நாதாங்கி, செருப்பு, இருமல், வானொலியில் எந்த நிகழ்ச்சி ஓடும்போது கதவு திறந்தது, இவை எல்லாம் அவரிடம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். அடிக்காத நாள்களையும் கேளுங்கள். அப்பா பாடியது, சினிமாவுக்குக் கூட்டிப்போனது இல்லாவிட்டால், அம்மா ஏன் இரண்டு முறையும் திரும்பி வந்தார் என்பது புரியாது.

சட்டம்_சென்னை:

இறந்தவரைப் பற்றி எழுதினால் வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499இல் இருந்ததைப் போலவே, குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு இறந்தவர் பெயரைக் கெடுப்பதும் அவதூறாகலாம் என்கிறது. உரிமையியல் வழக்கில் உண்மை என்பதே எதிர்வாதம். குற்ற வழக்கில் உண்மையாக இருப்பதோடு பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். ஆக, ஆவணமும் நாடாவும் பத்திரமாக இருக்கட்டும். பழிவாங்கும் தொனி உள்ள வரிகளை நீக்குங்கள்.

உயிரோடிருப்பவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம், குழந்தைப்பேறு போன்றவற்றை உண்மையாகவே இருந்தாலும் அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளதற்கு விலக்கு உண்டு. தங்கையின் திருமணம், தம்பியின் நோய் இவற்றை எழுதுமுன் அந்தப் பக்கங்களை அவர்களிடம் வாசித்துக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அச்சு, ஒலிநூல், இணையம் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது: ஊரும் தொழிலும் அப்படியே இருந்தால் தெருவே அடையாளம் காட்டிவிடும். பாலியல் வன்கொடுமை பற்றி ஏதாவது வந்தால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே அதே சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் தனிக் குற்றம். அந்தப் பகுதியை வழக்கறிஞர் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கடிதங்கள்: தாள் உங்கள் கையில் இருந்தாலும் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. அம்மா, தம்பி, தங்கை எல்லோரும் வாரிசுகள். முழுக் கடிதம் போடுவதானால் அவர்கள் கையெழுத்து தேவை. கடிதம் சொல்லும் செய்தியைத் தன் சொற்களில் எழுதலாம்.

நிலைய வேலைக்காகப் பதிந்த நாடா ஏதாவது கலந்திருந்தால் இப்போதே பிரித்து வையுங்கள். அதன் உரிமை நிறுவனத்துடையது. நினைவுக்காகக் கேட்பதில் தவறில்லை; புத்தகத்தில் கியூஆர் குறி போட்டு ஒலியை இணைப்பதற்கு எழுத்து அனுமதி வேண்டும்.

தொகுப்பாளர்_திருச்சி:

அனைவருக்கும் நன்றி. வினிகர் ஸ்பூலைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். அதன் அட்டையில் 'அப்பா' என்று எழுதியிருக்கிறது.

காப்பகத்தாள்:

அப்படியானால் இந்த வாரமே மாற்றுங்கள். முழு அகலம், பாதி அகலம் இரண்டு ஹெட்டும் உள்ள கருவி கிடைக்கும் இடத்துக்கு ஸ்பூலைக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள், கூரியரில் வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது ஓட்டத்துக்கு அது தாங்காமல் போகலாம்.