கொரிய ஜெல்: ஃபீலிங்கா, பீலிங்கா?

கொரிய முகப்பூச்சு ஒன்றின் ஆங்கிலத் துண்டுச்சீட்டைத் தமிழாக்குகிறேன். பெயர் "சாஃப்ட் ஃபீலிங் ஜெல்". கொரிய எழுத்தில் ஃபீலிங் (feeling, உணர்வு), பீலிங் (peeling, உரித்தல்) இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அதனால் இது இறந்த தோலை உரித்தெடுக்கும் ஜெல்லோ என்று சந்தேகம். பொருட்பட்டியலில், உரிக்கும் ஜெல்களில் வழக்கமாக வரும் செல்லுலோஸ், கார்போமர் இருக்கின்றன. "உலர்ந்த முகத்தில் தேய்த்தால் திரிதிரியாக வரும், பிறகு கழுவவும்" என்கிறது. ஆனால் கீழேயே "தினமும் காலை, இரவு" என்றும் போட்டிருக்கிறது! உரிக்கும் ஜெல்லைத் தினம் இருவேளை தேய்த்தால் முகம் சிவந்து எரியுமே, அதுதான் என் கவலை.

பெட்டிப் படத்திலுள்ள கொரியப் பெயரைப் பார்த்தும் தீரவில்லை. ஏஜென்சி "உள்ளபடியே போடுங்கள்" என்கிறது. இறக்குமதியாளரிடமிருந்து பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கொரிய அழகுப்பொருள் மொழிபெயர்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்தப் பட்டியலையும் பயன்படுத்தும் முறையையும் வைத்து, பீலிங் ஜெல் என்றே உறுதியாக எழுதலாமா?