பொருள்: 'சூஸ்லோ'வுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ரஷ்யர்களின் பீர், குவாஸ் (தானியத்தை நொதிக்கவைத்துச் செய்யும், போதை மிகக் குறைந்த பானம்) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன். முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் வரும் இனிப்பு நீருக்கு, அது நொதிக்கும் முன், 'சூஸ்லோ' என்று பெயர். வீட்டில் குவாஸ் போடுவோருக்காக இதைச் சுண்டக் காய்ச்சிப் புட்டியில் விற்கிறார்கள். திறந்தால் தார் நிறம், தேன் பதம், கருகிய ரொட்டி ஓரத்தின் மணம். 'முளைச்சாறு' என்று எழுதலாமா?

தமிழாசிரியர்:
அரிசி மதுவுக்குத் 'தோப்பி' என்று பெயர் வைத்திருந்தவர்கள் நாம். பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். துழாவிய அரிசிக் களியை அகன்ற பிழாவில் ஆற்றி, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் 'வழைச்சு அற விளைந்த' பிழி, அதாவது கள், என்கிறது. வழைச்சு என்பது முதிராத இளமை. அது நீங்கினால்தான் மது. அப்படியென்றால் நீங்குவதற்கு முன் சாடியில் இருப்பது எது? வழைச்சுதானே! ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

வேதியியல் ஆசிரியை:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் என் மாணவர்கள் அதை 'வழுக்கல்' என்றே படிப்பார்கள். வழை என்றால் சுரபுன்னை மரம் என்று அகராதி வேறு சொல்லும். ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் சூட்டில் தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இந்த வேலை சொல்லில் தெரிய வேண்டாமா? 'முளை வடிநீர்' என்றால் தெரியும்.

ரஷ்யம் படித்த உறுப்பினர்:
முளை என்று கட்டிப்போட வேண்டாம். திராட்சையைப் பிழிந்த சாற்றுக்கும் சூஸ்லோ என்றே சொல்வார்கள். பீருக்கான ரஷ்யச் சொல்லான 'பீவோ' என்பதும் 'குடிப்பது' என்னும் வினையிலிருந்து வந்ததுதான். வடமொழிப் 'பான'த்துக்கு உறவு.

தமிழாசிரியர்:
'பருகு' என்பதையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன். பிறகு எழுதுகிறேன். 'சாறு' சங்கப் பாடல்களில் விழாவையும் குறிக்கும். அதையும் மறக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வழைச்சை நான் தள்ளுவது புரியாது என்பதற்காக அல்ல. அதில் கள்ளின் வாடை இருக்கிறது. கோடையில் தெருவோர மஞ்சள் பீப்பாயிலிருந்து குழந்தைகளுக்கும் குவாஸ் வாங்கித் தருகிறார்கள். பீரையே, 2011-இல் சட்டம் திருத்தப்படும்வரை, மது என்று வகைப்படுத்தாமல் உணவுப்பொருளாகத்தான் வைத்திருந்தார்கள். ரஷ்யாவின் சமாரா நகரில் 1881-இல் தொடங்கிய ஷிகுலி பீர் ஆலையின் கதையையும் இந்தக் கண்ணோடுதான் கட்டுரை சொல்கிறது. நம் சொல் அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வேதியியல் ஆசிரியை:
ஒப்புக்கொள்கிறேன். முளைச்சாறே இருக்கட்டும், இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

ரஷ்யம் படித்த உறுப்பினர்:
சரி. திராட்சை வரும் பத்தியில் மட்டும் 'திராட்சைச் சாறு' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை. சாறு பொருளுக்குள்ளேயே இருப்பது, பிழிந்தால் வருவது. இது நீருக்குள் இறங்கியது. அடிக்குறிப்பிலாவது வழைச்சு இடம்பெற வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன், ஐயா. அடுத்த பக்கத்தில் 'ஹ்மேல்' வருகிறது. பீருக்குக் கசப்பேற்றும் கொடிக்கும், குடித்தவனின் மயக்கத்துக்கும் ரஷ்யத்தில் இந்த ஒரே சொல்தான். கள்ளுண்ட மயக்கத்தைக் குறிக்கும் 'களி' பொருந்துமா?