வேலி முருக்கில் செதுக்கிய பொய்மீன்

யாழ்ப்பாணக் கடலேரியில் தூண்டில் எறிகிறவர்களுக்கு, அடியில் வளர்கிற கடற்புல்லான சாதாளையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பொய்மீனை, அதாவது மீன் போலச் செய்த தூண்டில் இரையைப், பண்ணைப் பாலத்தடியில் எறிந்து இழுத்தால், அது தலையைக் குத்திக்கொண்டு அடிக்குப் போய்ச் சாதாளையை வாரிக்கொண்டுதான் வரும். அவை ஆழத் தண்ணீருக்குச் செய்தவை. எங்களுடைய கடலேரி பல இடங்களில் இடுப்பளவுதான். இங்கே மேலோடு நீந்துகிற, இழுப்பை நிறுத்தினால் தானாக மிதந்து எழும்புகிற பொய்மீன்தான் வேண்டும். அதை வீட்டு வேலியிலேயே வெட்டி எடுக்கலாம் என்பது என் அனுபவம்.

மரம் முள்முருக்கு. கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுகிற அதே மரம். நன்றாகக் காய்ந்தால் கையில் பாரமே தெரியாது, வில்லுக்கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கைமொத்தக் கொப்பை வெட்டி நிழலில் மாதக் கணக்கில் காயவிட வேண்டும். நடுவில் இருக்கிற சோற்றியை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் கட்டை எடுங்கள். பூவரசிலும் செய்கிறேன். அது பாரம் கூட, ஆனால் கூர்ப்பல் சீலா மீனின் கடிக்குத் தாக்குப்பிடிக்கும்.

வேலையின் ஒழுங்கை எனக்குக் காட்டியவர் குருநகரில் மர வள்ளம் கட்டிய ஓர் ஓடாவியார். நான் கொண்டுபோன கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கட்டை சதுரமா இருக்கேக்கையே நடுக்கோட்டைப் போட்டு வாளை வையும். உருட்டினாப் பிறகு நடுவை எங்கை தேடப் போறீர்?" என்றார். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பத்து சென்ரிமீற்றர் நீளம், இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் சதுரக் கட்டை. நாலு பக்கமும் பென்சிலால் நடுக்கோடு. பொய்மீனின் மூக்கடியில் தண்ணீரைத் தள்ளுகிற முன்தகட்டுக்கான வெட்டையும் வயிற்றோரமாகக் கம்பி போகிற வெட்டையும் அப்போதே இரும்பு அறுக்கிற வாளால் அறுத்துவிட வேண்டும். பிறகுதான் மூலைகளைச் சீவி மீன் வடிவத்துக்குக் கொண்டுவருவது. சாண்ட்பேப்பர் கடைசியில்.

முன்தகட்டுக்குப் பழைய சீடீ போதும். சுடுதண்ணீரில் போட்டு எடுத்து வெட்டினால் அவ்வளவாக வெடிக்காது, இரும்பு வாளின் வெட்டுக்கும் தடிப்புக் கிட்டத்தட்டச் சரியாக வரும். தகட்டைச் சின்னதாக வெட்டி நேர்குத்தாக வைத்தால் பொய்மீன் மேலோடு நீந்தும். முன்னுக்கு நீட்டிச் சரித்தால் ஆழம் போகும். எங்களுக்கு முதலாவதுதான் வேண்டும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பி ஓட வேண்டும், மரம் பிளந்தாலும் மீன் போகாது. வயிற்றில் துளைபோட்டுக் கொஞ்சம் ஈயம் வைத்து, கொளுக்கிகளையும் மாட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். முதுகு இலேசாக வெளியே தெரிய, நிமிர்ந்து மிதக்க வேண்டும். சாய்ந்தால் ஈயத்தைக் கூட்டுங்கள். சரி என்றால் அரால்டைட் பசை வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்.

முருக்கு தண்ணீரைக் குடிக்கிற மரம். பெயின்ற் அடிக்க முதல், தின்னர் கலந்த வார்னிஷில் முக்கி முக்கிக் காயவிட வேண்டும். இதில் அவசரமே கூடாது. மினுக்கத்துக்கு நான் ஒட்டுவது சொக்லேற் சுற்றி வருகிற வெள்ளித்தாள். 1936இல் பின்லாந்தில் லவ்ரி ரப்பலா என்ற மீனவர் தக்கையைச் சப்பாத்துத் தைக்கிறவரின் கத்தியால் செதுக்கித் தன் முதல் பொய்மீனைச் செய்தபோது, அவரும் சொக்லேற் தாளைத்தான் சுற்றினாராம். உலகம் முழுக்க விற்கிற ரப்பலா அங்கேதான் தொடங்கியது. அதை வாசித்த நாளிலிருந்து இந்த வேலையில் எனக்குப் பிடிப்புக் கூடிவிட்டது.

தண்ணீரில் இழுக்கும்போது ஒரு பக்கமாக ஓடினால் பயப்பட வேண்டாம். இடப்பக்கம் ஓடினால் தங்கூசி (நைலோன் நூல்) கட்டுகிற மூக்கு வளையத்தை வலப்பக்கம் மயிரளவு வளையுங்கள், நேராகிவிடும்.

பொன்னாலைப் பாலத்தடியில் ஒரு மாலை. மதகுக்குள்ளால் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது, சூடைக் குஞ்சுகள் கரையோரம் சிதறின. முருக்குப் பொய்மீனை மதகின் ஓரமாக எறிந்து, இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினேன். அது மெல்ல மேலே எழும்பியது. அந்த எழும்புகிற கணத்தில் கீழிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், தங்கூசி பாடத் தொடங்கிவிட்டது. கொடுவா. தண்ணீரை விட்டுக் குதித்துத் தலையை உலுப்பியபோது வாயோரத்தில் என் பொய்மீன் தொங்குவது தெரிந்தது. பக்கத்தில் நின்ற பொடியன் ஓடிவந்து கைவலையால் அள்ளித் தந்தான். மீனைப் பற்றி ஒன்றும் கேளாமல், "அண்ணை, இது என்ன மரம்?" என்றுதான் கேட்டான். அவனுக்கும் ஒரு முருக்கங்கட்டை கொடுத்திருக்கிறேன்.

சீலா கடித்த இடத்தில் பல் ஓட்டை விழும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, நெயில் பொலிஷால் அடைத்துவிடுங்கள். விட்டால் மரம் ஊறிப் பெயின்ற் கழன்றுவிடும். கிளுவையில் யாராவது செய்து பார்த்திருந்தால், அது தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் வேலியில் அதுவும் தாராளமாக நிற்கிறது.