பிட்டுக்கும் சொதிக்கும் செயலி காட்டும் கணக்கை நம்பலாமா?

உவர்மலை மகள்:
என் தாயாருக்கு 68 வயது. நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றிக்கொள்கிறார். மூன்று மாதங்களாக அவர் உண்பதையெல்லாம் கைத்தொலைபேசியிலுள்ள உணவுப் பதிவுச் செயலி ஒன்றில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு வேளையிலும் மாச்சத்து, புரதம், கொழுப்பு எத்தனை கிராம் என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. இதைக் கண்ட என் மாமா, "தாய்க்குச் சாப்பாடு போடுகிறாயா, கடைக்கணக்கு எழுதுகிறாயா?" என்று கடிந்துகொண்டார். ஆனால் காலையில் எட்டு இடியப்பம் உண்டு வந்த அம்மா இப்போது தாமாகவே ஐந்தோடு கையைக் கழுவுகிறார். இரவில் பிட்டு உண்டால் மறுநாள் காலை இரத்தச் சீனி ஏறியிருப்பதை, பதிவையும் சீனி அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தபின்புதான் நான் உணர்ந்தேன். இதைப் பயன்படுத்தியவர்களும் வேண்டாமென்று விட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கொட்டியாரக்கரை:
மகளே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். அந்த எண்களைத்தான் நம்ப மறுக்கிறேன். ஆறு மாதம் நானும் எழுதிப் பார்த்தவன். 'தேங்காய்ப்பால்' என்று தேடினால் ஒரு பதிவு 100 கிராமுக்கு ஏறத்தாழ 230 கலோரி என்கிறது. அதன் கீழேயுள்ள மற்றொன்று 30 கலோரி என்கிறது. முதலாவது தேங்காய்ப்பூவைப் பிழிந்தெடுத்த கட்டிப்பால். இரண்டாவது, வெளிநாடுகளில் பசும்பாலுக்குப் பதிலாகப் பெட்டியில் அடைத்து விற்கும் நீர்த்த பானம். எங்கள் வீட்டுச் சொதி இவ்விரண்டிலும் அடங்காது. முதற்பாலை எடுத்தபின் நீர்விட்டுப் பிழியும் கப்பிப்பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தபின், இறக்கும் தறுவாயில் முதற்பாலை விட்டுத் தேசிக்காய் பிழிவோம். அந்த முதற்பால் எவ்வளவு என்பது அன்று உடைத்த தேங்காயின் முற்றலையும் பிழிந்தவரின் கையையும் பொறுத்தது. ஒரே சட்டியிலிருந்து எட்டுப் பேர் அள்ளி உண்ணும் வீட்டில் ஒருவர் வயிற்றுக்குள் போனதைக் கிராமில் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை.

சல்லி அலை:
ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஊட்டச்சத்துத் துறையில் படித்தவன் என்ற முறையில் மறுபாதியை விளக்க விரும்புகிறேன். செயலி உணவை அளப்பதில்லை. யாரோ ஆய்வுகூடத்தில் பகுத்த அட்டவணையை எடுத்து, நாம் கொடுக்கும் எடையால் பெருக்குகிறது. மாச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கு, அமெரிக்கரான அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அட்டவணைகளுள் பலரும் நாடுவது அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தினுடையது. நம் சமையலுக்கு நெருக்கமானது, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுகளைப் பகுத்து 2017இல் வெளியிட்டது. குரக்கன் (கேழ்வரகு) 100 கிராமில் 364 மில்லிகிராம் கல்சியம் உண்டென்பது அதில் உள்ளது. பல செயலிகளில் பயனர்களே பதிவுகளைச் சேர்க்கலாம் என்பதால், ஐயா கண்டதுபோன்ற குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

ஆகவே 'பிட்டு' என்று தேடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிட்டை நீங்களே பதியுங்கள். 500 கிராம் அரிசிமா, 100 கிராம் தேங்காய்ப்பூ என்று வைத்துக்கொள்வோம். மாவில் ஏறத்தாழ 1830 கலோரி, பூவில் 354. நீற்றுப்பெட்டியிலிருந்து கொட்டிய பிட்டு 900 கிராம் நிறுத்தால், 100 கிராமுக்குச் சுமார் 243 கலோரியும் 46 கிராம் மாச்சத்தும் வரும். நீர் கலோரி தராது, ஆனால் எடையைக் கூட்டும். அதனால்தான் சமைத்தபின் மறுபடி நிறுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை செய்துவிட்டால் அதே அளவில் சமைக்கும் நாளெல்லாம் அது பயன்படும்.

தம்பலகாமத்துத் தாய்:
இன்சுலின் ஏற்றும் முதியவருக்கு இது உதவலாம். எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் தோழிகளைப் பார்த்து இத்தகைய செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டாள். வயதையும் எடையையும் கேட்டுவிட்டு, நாளொன்றுக்கு 1200 கலோரி என்று அது வரம்பு வைத்தது. வளரும் பிள்ளைக்கு அது போதாது என்பதை எனக்குச் சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை. சதுர்த்தியன்று கோயிலில் கொடுத்த மோதகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பட்டியலில் நெடுநேரம் தேடினாள். கிடைக்கவில்லை என்றதும் தம்பியிடம் கொடுத்துவிட்டு அழுதாள். பசிக்கிறதா என்று கேட்டால், "இன்னும் 90 தான் மிச்சம்" என்று பதில் வரும். வைத்தியரின் அறிவுரைப்படி செயலியை அகற்றி, அவள் பழையபடி எங்களோடு அமர்ந்து உண்ண ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சல்லி அலை:
அக்கா, உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நோய்க்காக அளப்பதும் உடல் மெலிய அளப்பதும் வெவ்வேறு வேலைகள். இளம் வயதினருக்கு வைத்தியரின் மேற்பார்வையின்றி இது கூடாது.

கொட்டியாரக்கரை:
தம்பி தராசைச் சரிசெய்துவிட்டார். ஆனால் உடம்பு தராசுத் தட்டு அல்லவே. முருங்கையிலை வறையின் இரும்புச்சத்து முழுவதையும் செயலி வரவில் வைக்கிறது. அதற்கு மேல் குடிக்கும் வெறுந்தேநீர் அந்த இரும்பில் பெரும்பகுதியை உடம்பு உறிஞ்சாதபடி தடுக்கும். செயலியோ அதைக் கலோரி இல்லாதது என்று விட்டுவிடுகிறது. வறையில் தேசிக்காய் பிழிந்தால் உறிஞ்சுதல் கூடும் என்பதற்கும் அங்கே இடமில்லை.

சல்லி அலை:
உண்மைதான் ஐயா. அதில் காட்டும் இரும்புக் கணக்கை நானும் நம்புவதில்லை. மனிதர்கள் உண்டதைக் குறைத்தே பதிகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் கண்டதுதான். ஆனால் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. கருவாடும் ஊறுகாயும் இலையில் இருக்கும் நாளில் அந்த அளவு எவ்வளவு விரைவாக நிறைகிறது என்பதை, எழுதிப் பார்க்காமல் உணர்வது கடினம்.

உவர்மலை மகள்:
உங்கள் பதில்களைப் படித்தபின் நேற்றிரவு மூன்று மாதப் பதிவையும் முதலிலிருந்து பார்த்தேன். பெரிய தவறொன்று அகப்பட்டது. அம்மாவின் 200 கிராம் சோற்றை நான் 'அரிசி' என்ற பதிவில் ஏற்றியிருக்கிறேன்; அது சமைக்காத அரிசிக்குரியது. 56 கிராம் இருக்க வேண்டிய மாச்சத்து 160 கிராம் என்று வந்திருக்கிறது. 15 கிராம் மாச்சத்தை ஓர் அலகாகக் கொள்ளும் கணக்கில் இது ஏறத்தாழ ஏழு மாச்சத்து அலகு அதிகம். இதை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் அம்மாவின் சீனி எங்கே இறங்கியிருக்கும் என்று எண்ணும்போது கை நடுங்குகிறது. நல்லவேளையாக, மருந்தின் அளவை வைத்தியர் இரத்தப் பரிசோதனையைக் கொண்டே தீர்மானிக்கிறார்.

பதிவதை நான் நிறுத்தப்போவதில்லை. கலோரி வரம்பை நீக்கிவிட்டேன். இனிச் சோறு, பிட்டு, இடியப்பம் மூன்றின் மாச்சத்தையும் காலைச் சீனியையும் மட்டும் எழுதுவேன். சொதியை ஐயா சொன்னபடி கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன். பிட்டுக்கான மாவை இன்று நிறுத்து வைத்துவிட்டேன். சோற்றுப் பானையின் வெறும் எடை 740 கிராம். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எதற்காக இது என்று அம்மா கேட்டார். நாளைக் காலை அவரையே பிட்டை நிறுக்கச் சொல்லப்போகிறேன்.