சியேன்தாத்தேன்னா உட்காராதேன்னு அர்த்தம் இல்ல

ஸ்பெயின்ல இருக்கிற வலென்சியாவுக்கு வந்து மூணாவது வாரம். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் பாட்டிக்கு வாடகை குடுக்கப் போனேன், நாற்காலியைக் காட்டி "சியேன்தாத்தே, சியேன்தாத்தே"ன்னாங்க. நம்ம காதுக்கு ஆதேன்னு முடிஞ்சா போகாதே, தொடாதே மாதிரிதானே கேக்கும், நாற்காலி கால் உடைஞ்சிருக்கு போலன்னு நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்கேன், மூணாவது தடவை அவங்களே தோளைப் பிடிச்சு அழுத்தி உட்கார வெச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்பானிஷ் வார்த்தையைப் பிரிச்சுப் பார்த்தேன். சியேன்தான்னா உட்கார வை, தேன்னா உன்னை. உன்னை உட்கார வெச்சுக்கோ, அதாவது உட்காரு, அவ்ளோதான். லெவான்தாத்தே எழுந்திரு, கேதாத்தே இங்கயே இரு, காயாத்தே வாயை மூடு, எல்லாத்துலயும் கடைசியில நிக்கிறது அதே 'உன்னை'தான். கேட்டது முழுக்கக் கட்டளை, ஒண்ணுகூடத் தடை இல்ல!

நிஜமாவே உட்காராதேன்னு சொல்லணும்னா 'நோ தே சியேன்தெஸ்'. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நமக்கு வேண்டாங்கிறது வினைக்குப் பின்னாடி வந்து ஒட்டும், அவங்களுக்கு முன்னாடி நோ வந்து நின்னவுடனே பின்னாடி ஒட்டியிருந்ததெல்லாம் கழண்டு முன்னாடி போயிடும். தாமெலோன்னா அதை எனக்குக் குடு, தா குடு, மே எனக்கு, லோ அதை. குடுக்காதேன்னா 'நோ மே லோ தெஸ்', மேயும் லோவும் வரிசை மாறாம அப்படியே இடம் பெயர்ந்துடுது. புதுசா படிக்கிறவங்க ஒட்டினதையும் பிரிஞ்சதையும் ஜோடியாவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க, தனித்தனியா மனப்பாடம் பண்ணினா பேசும்போது வராது.

---

எனக்கு மாட்ரிட்ல ஆபீஸ்ல நடந்தது வேற மாதிரி. டீம் லீட் போற போக்குல "தீசெலோ"ன்னுட்டுப் போயிட்டார். தி சொல்லு, லோ அதை, நடுவுல செ யாரு? 'அவருக்கு'ங்கிறது லே தானேன்னு குழம்பிட்டேன். லேயும் லோவும் பக்கத்துல பக்கத்துல வரக்கூடாதாம், வந்தா லே செயா மாறிடும். அந்த செ அவனா இருக்கலாம், அவளா இருக்கலாம், அவங்க எல்லாருமாவும் இருக்கலாம். எங்க டீம்ல கிளையன்ட் பக்கம் பேசுறவங்க ரெண்டு பேர், நான் தப்பான ஆள்கிட்ட சொல்லி அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அதைச் சரிபண்றதே வேலையாப் போச்சு. இப்பல்லாம் தயங்காம "அ எயா?"ன்னு கேட்டுடுவேன், அவளுக்கான்னு அர்த்தம். ஸ்பெயின்காரங்களே சந்தேகம் வந்தா கடைசியில அதைச் சேர்த்துத்தான் சொல்றாங்க, அதனால கேக்கக் கூச்சமே வேண்டாம்.

---

முதல்ல எழுதினவருக்கு ஒண்ணு சொல்லணும், நான் இருக்கிறது அர்ஜென்டினாவுல, புவெனோஸ் ஐரெஸ். நீங்கிறதுக்கு ஸ்பெயின்ல சொல்ற 'தூ' இங்க கிடையாது, 'வோஸ்'தான். அதனால சியேன்தாத்தே இங்க சென்தாத்தே, அழுத்தம் சியேன்ல இல்ல, தாவுல விழும், அழுத்தத்தைக் காட்ட ஸ்பெயின்ல எழுத்து மேல போடுற கோடும் கிடையாது. காயாத்தே இங்க காஷாத்தே! ஸ்பெயின்ல படிச்சுட்டு வந்த எனக்கு முதல் மாசம் பஸ்ல, கடையில யார் என்ன சொன்னாலும் புது வார்த்தையாவே கேட்டுச்சு. ஆனா கடைசி தே மட்டும் மாறவே இல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியை ஊகிச்சேன். தாமெலோ ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்.