புதுப்பிப்பு: 12ஆம் வகுப்பில் ஜேஇஇ மெயின், ஜனவரியிலா ஏப்ரலிலா?

பொறியியல் படிப்புக்கான தேசிய நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயினை மகள் ஜனவரியிலேயே எழுதலாமா, பொதுத்தேர்வு முடிந்தபின் ஏப்ரலில் மட்டும் எழுதினால் போதுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரு முறை எழுதினாலும் உயர்ந்த மதிப்பெண்ணே தரவரிசைக்குக் கொள்ளப்படும் என்பதால் ஜனவரியைத் தவறவிட வேண்டாம் என்ற யோசனையையே ஏற்றோம். ஜனவரியில் இயற்பியலும் வேதியியலும் கைகொடுத்தன, கணிதமோ நேரத்தை விழுங்கியது. அது முன்கூட்டியே தெரிந்ததால், பொதுத்தேர்வுக்குப் பின் கிடைத்த நாள்களைப் பெரும்பாலும் கணிதத்துக்கே ஒதுக்கி, ஏப்ரலில் கணிசமாக உயர்ந்த மதிப்பெண் பெற்றாள். எதிர்பாராதது ஒன்றுண்டு: ஜனவரியில் எழுதியவர்களும் ஏப்ரல் தேர்வுக்குப் பழைய விண்ணப்ப எண்ணைக் கொண்டே உள்நுழைந்து, மீண்டும் கட்டணம் செலுத்தவேண்டும். அதற்கான அவகாசம் பிப்ரவரியில், பொதுத்தேர்வுப் பரபரப்புக்கு நடுவே (வேறு எப்போது வரும்!) வந்து போய்விடுகிறது.